நூற்றுப்பத்து வோல்ட்

ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை
இடக்கையில் பிடித்தபடிதான் கடைக்குள் நுழைந்தேன்.
வலக்கையில் ஒவ்வொரு இஸ்திரிப் பெட்டியாக.
சர்க்கரையைவிட லேசானதெல்லாம்
திரும்ப அலமாரிக்கு.

பூந்தா அரேனாஸ் வரிவிலக்குச் சந்தை,
சனிக்கிழமை மதியம்.
வெளியே காற்று
நடப்பவர்கள் எல்லோரையும்
சாய்வெழுத்தாக்கிக்கொண்டிருந்தது.
உள்ளே யெர்க்கோ மார்த்தினிச்,
சட்டைப்பையில் பெயர்ச்சீட்டு,
நீராவி பற்றி நிறையச் சொன்னார்:
நிமிடத்துக்கு இத்தனை கிராம், இத்தனை துளை,
செராமிக் அடித்தகடு,
பனிக்கட்டிமேல் போல வழுக்கும், சென்யோரா.

வழுக்க வேண்டாம் எனக்கு.
சட்டை தேய்ப்பவர்களுக்கு வழுக்கட்டும்.
தையலைத் தேய்க்கக் கூடாது.
வைக்கணும், எடுக்கணும்,
அடுத்த இடத்தில் வைக்கணும்.
இழுத்தால் துணி நீளும்,
முதுகுத் தையல் பாம்பாகும்.

“எங்கே செருகிப் பார்க்கலாம்?”
இந்தக் கேள்வியை அவரிடம்
யாரும் கேட்டதில்லை போல.
பையிலிருந்து எடுத்தேன்:
தடித்த கம்பளி இரண்டு துண்டு,
நடுவே ஒரு தையல்,
நனைத்துப் பிழிந்த பருத்தித் துணி.
சாக்கெட் குளிர்பதனப் பெட்டிகளுக்குப் பின்னால்.
இருவரும் முட்டி போட்டோம்.

முதலாவதுக்கு மூக்கு மழுங்கல்,
காலர் முனைக்குள் நுழையாது.
இரண்டாவது, தன் துளைகளையெல்லாம்
அம்மைத் தழும்பாய்க் கம்பளியில் பதித்தது.
மூன்றாவது துப்பியது.
நான்காவது நல்லதுதான்,
ஆனால் எட்டு நிமிடம் தொடாவிட்டால்
தானே அணைந்துவிடும்.
பாதுகாப்பு என்றார் யெர்க்கோ.
ஒரு கையை உடம்போடு பொருத்த
எனக்குப் பதினோரு நிமிடம்.
திரும்பி வந்தால் மீன்போல் சில்லிட்டுக் கிடக்கும்.

குளிர்பதனப் பெட்டி வாங்க வந்த ஒருத்தி
“இது விளம்பர நிகழ்ச்சியா?” என்றாள்.
“இல்லை, இது நேலிடா” என்றார் யெர்க்கோ.
எப்போது சொன்னேன் என் பெயரை?

போர்வெனீர் படகுத்துறையில்
டிக்கெட் கிழிப்பது என் வேலை.
அங்கே காற்று
தடித்து நிற்கும் தையலைத்தான் முதலில் தேடும்.
ஓரங்கள் இரண்டும் விரிந்து
துணியோடு துணியாய்ப் படியாத கோட்டு
கோட்டே இல்லை.

ஐந்தாவது, கீழ்த்தட்டில், அட்டைப்பெட்டி இல்லாமல்.
துளையே இல்லாத அடித்தகடு,
படகின் முன்பக்கம்போல் கூரிய மூக்கு.
தூக்கினேன்.
சர்க்கரை இறகாகிவிட்டது.
செருகப் போனவளின் மணிக்கட்டைப் பிடித்தார் யெர்க்கோ.
“நூற்றுப்பத்து வோல்ட்.
நம்மூர் மின்சாரத்தில் ஒரே நிமிடம்,
புகை.”

சற்று நேரம் அதை மடியில் வைத்திருந்தேன்.
தராசில் ஏறாத பிள்ளையை வைத்திருப்பதுபோல் அல்ல;
யோசித்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.
சூடு தையலை விரிக்கும்.
விரிந்த கம்பளி
கையெடுத்ததும் மூச்சு விட்டு எழுந்துகொள்ளும்.
ஆறும்வரை அதன்மேல்
யாராவது உட்கார வேண்டும்.

“நான்காவதையும் கொடுங்கள்,
இதையும் கொடுங்கள்.”
“எரியாததற்கு என்ன விலை போடுவது?”
தலையைச் சொறிந்தார்.
கடைசியில் டோஸ்டர் கம்பி விலை போட்டார்.
ரசீதின் பின்னால் எழுதினார்:
செருகாதீர்கள்.
அடிக்கோடு இரண்டு.

இப்போது மேசையில் இரண்டும்.
சூடானது போய்ப் பத்து எண்ணும்;
குளிர்ந்தது வந்து முப்பது எண்ணும்.
வயரை வெட்டிவிட்டேன்,
அவர் பயம் என்னையும் தொற்றியதால்.
எட்டு நிமிடத் தூக்கத்துக்குப் பரிகாரம்
இன்னும் கிடைக்கவில்லை:
கை தைக்கும்போது நடுவில் எழுந்துபோய்
அதைத் தட்டி எழுப்புகிறேன்,
திட்டிக்கொண்டே.

நேற்று முதுகுத் தையலைத் தடவிப் பார்த்தேன்.
கண்ணை மூடினால்
எங்கே இணைந்தது என்று விரல் சொல்லவில்லை.

காப்பி போடும்போதுதான் நினைவு வந்தது.
சர்க்கரை அங்கேயே,
அலமாரியில், இஸ்திரிப் பெட்டிகளுக்கு நடுவில்.
திங்களன்று போகணும்,
யெர்க்கோ அதற்கு
விலைச்சீட்டு ஒட்டுவதற்குள்.